மாம்பழத் தளத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு, வாங்குகிறவர்கள் குறைவு: வடிவமைப்பில் எதை மாற்றுவது?

கேள்வி – காவேரிப்பட்டினம்_தோப்பு

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்துக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பகுதி பெங்களூரா இரகம் என்பதால் அது வழக்கம்போல் கூழ் ஆலைகளுக்குப் போய்விடும். ஆலையில் கிடைக்கும் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருப்பதால், செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா ஆகிய தின்னும் பழங்களையாவது மண்டிக்குக் கொண்டுபோகாமல் பெங்களூரு, சென்னை வீடுகளுக்கு நேரடியாக அனுப்பலாம் என்று முடிவு செய்து, சென்ற பருவத்துக்கு முன்பு ஓர் இணையதளம் அமைத்தோம். மாங்காய் ஊறுகாய், கொட்டை நீக்கிய புளி, ராகி மாவு ஆகியவற்றையும் அதிலேயே வைத்திருக்கிறோம்.

தளம் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. திறந்தவுடன் தோப்பின் பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். அதற்குக் கீழே எங்கள் குடும்ப வரலாறு, பிறகு பொருள்கள். வாங்க விரும்புகிறவர் மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். பெட்டியைத் தேர்ந்தெடுத்து, முகவரி கொடுத்த பிறகு அனுப்பும் செலவு தெரியும்; கடைசிப் பக்கத்தில் பணம் செலுத்த ஒரு கியூஆர் குறியீடு வரும். வருகையாளர் எண்ணிக்கையில் குறையில்லை. பழத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முகவரிப் பக்கத்திலும் பணம் செலுத்தும் பக்கத்திலும் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள்.

அப்படி நின்றவர்களில் சிலர் தொலைபேசியில் அழைத்து, "உண்மையிலேயே தோப்பிலிருந்துதான் வருகிறதா, எங்கள் வீட்டுக்கு வந்துசேர மொத்தம் எவ்வளவு ஆகும், எந்த நாளில் வரும்?" என்று கேட்டுவிட்டு, பேச்சிலேயே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். இதைப் பார்த்த என் தந்தையார், தளமே தேவையில்லை, தொலைபேசியே போதும் என்கிறார். தளத்தை அமைத்துத் தந்தவர்களோ, தோற்றத்தை முழுவதுமாகப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று மீண்டும் ஒரு தொகை கேட்கிறார்கள். அடுத்த பருவத்துக்கு முன்பு எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

பதில் 1 – ஓசூர்_வலைவடிவமைப்பு

தோற்றத்தைப் புதுப்பிப்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கேட்கும் மூன்று கேள்விகளே உங்கள் தளத்தில் எது இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. விற்பவர் யார், என் வாசலுக்கு வந்துசேர மொத்தம் எவ்வளவு, எந்த நாளில் வரும் என்ற மூன்றுக்கும் முகவரி எழுதுவதற்கு முன்பே விடை கிடைத்துவிட்டால், அழைப்பவர்களில் பலர் அழைக்காமலே வாங்கிவிடுவார்கள். தளத்தின் எந்த மாற்றத்தையும் இந்த மூன்றில் எதற்கு அது விடை தருகிறது என்று கேட்டுப் பார்த்த பிறகே செய்யுங்கள்.

முதலில் செலவு. அனுப்பும் கட்டணத்தைக் கடைசியில் காட்டுவதுதான் உங்கள் தளத்தின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். இணையக் கடைகளில் பொருளைத் தேர்ந்தெடுத்தவர்களில் பத்தில் ஏழு பேர் வாங்காமல் போய்விடுகிறார்கள் என்பது, இணையக் கடைகளின் பயன்பாட்டை ஆராயும் பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரி. எதிர்பாராத கூடுதல் கட்டணமும், கணக்குத் தொடங்கச் சொல்லும் கட்டாயமும் அதற்கான காரணங்களில் முன்னணியில் நிற்கின்றன. உங்கள் தளத்தில் இரண்டுமே இருக்கின்றன.

இதற்குத் தீர்வு சிக்கலானதன்று. ஒவ்வொரு பழத்தின் பக்கத்திலும் விலைக்கு நேர் கீழே, பின்கோடு எழுத ஒரு சிறிய பெட்டி வையுங்கள். ஆறு இலக்கங்களில் முதல் மூன்று இலக்கங்களே பெரும்பாலும் போதும்: 560 என்றால் பெங்களூரு, 600 என்றால் சென்னை, 641 என்றால் கோயம்புத்தூர். உங்கள் கூரியர் தரும் கட்டணப் பட்டியலை இந்த மூன்று இலக்கங்களின்படி ஓர் அட்டவணையாகத் தயாரித்துக் கொடுத்தால், அதைத் தளத்தோடு இணைப்பது ஒரு சாதாரண நிரலாளருக்குச் சிறு வேலைதான். எண்ணை எழுதியவுடன், "5 கிலோ பெட்டி, உங்கள் வீட்டுக்கு அனுப்பும் செலவு உட்பட மொத்தம் இவ்வளவு, இந்தக் கிழமைக்கும் இந்தக் கிழமைக்கும் இடையில் வந்துசேரும்" என்று ஒரே வரியில் வர வேண்டும். அனுப்ப முடியாத ஊர் என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டு எண்ணிலிருந்து தெருப்பெயர் வரை எல்லாவற்றையும் எழுத வைத்துவிட்டு, கடைசியில் முடியாது என்று சொல்வது ஒருவரை வாசல்வரை அழைத்துவந்து கதவைச் சாத்துவதற்குச் சமம்.

அடுத்து, பழத்தைப் பற்றிய பக்கம். கடையில் வாங்குகிறவர் பழத்தைக் கையில் எடுத்து, முகர்ந்து, காம்பைப் பார்த்து முடிவு செய்கிறார். திரையில் அது முடியாது என்பதால் அந்த ஐயங்களுக்கு நீங்கள் எழுத்திலும் படத்திலும் விடை தர வேண்டும். ஒரு கையில் பழத்தை வைத்து எடுத்த படம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் மல்கோவாவின் பருமனையும் செந்தூராவின் பருமனையும் வெற்றுப் பின்னணியில் தனித்து எடுத்த படம் காட்டாது. திறந்த பெட்டியின் படமும், அதில் ஏறத்தாழ எத்தனை பழங்கள் இருக்கும் என்ற குறிப்பும் வேண்டும். அனுப்பும்போது பழம் காயாகத்தான் இருக்கும், வீட்டில் வைக்கோலிலோ காகிதத்திலோ சில நாள் வைத்தால் பழுக்கும் என்பதைப் பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு சொல்வதில் பயனில்லை. வாங்கும் முன்பே தெரிந்திருந்தால் "பச்சையாக வந்துவிட்டது" என்ற புகார் பாதி குறையும். எடை என்பது பெட்டி கட்டும்போது உள்ள எடை என்பதையும், பழுக்கும்போது அது சற்றுக் குறையும் என்பதையும் எழுதுங்கள். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ஒன்று. நீங்கள் அதைத் தொடுவதில்லை என்றால், எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள் அல்லது பழுக்க வைக்காமலே அனுப்புகிறீர்கள் என்பதை விளம்பர வாசகம் போலன்றி இரண்டு வரியில் சாதாரணமாகச் சொல்லுங்கள். நகர வாடிக்கையாளர் மனத்தில் ஓடும் முதல் ஐயம் அதுதான்.

குடும்ப வரலாறு இருக்கட்டும், ஆனால் அதற்குத் தனிப் பக்கம் போதும். முகப்பில் அதன் இடத்தில் ஒரே ஒரு படமும், இப்போது எந்தெந்த இரகம் கிடைக்கிறது என்ற பட்டியலும் வர வேண்டும். நகரும் படங்களை எடுத்துவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது படங்களை யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை; அவை தளத்தின் வேகத்தைத்தான் தின்கின்றன. கூகுள் வகுத்துள்ள அளவுகோலின்படி, பக்கத்தின் முதன்மையான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிந்துவிட வேண்டும். தொட்டவுடன் பக்கம் அசைந்து கொடுக்க எடுக்கும் நேரம் 200 மில்லி வினாடியைத் தாண்டக் கூடாது. கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். கைபேசித் திரைக்கு ஏற்ற அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற, கோப்பின் அளவைச் சுருக்கும் பட வடிவில் சேமித்தால் அதே படம் பெரும்பாலும் நூறு, இருநூறு கேபிக்குள் அடங்கிவிடும். படங்களின் அகலத்தையும் உயரத்தையும் நிரலில் குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படம் தாமதமாக வந்து விழும்போது பக்கம் கீழே இறங்கி, விரல் தவறான பொத்தானில் படும்.

கணக்குத் தொடங்கும் கட்டாயத்தை நீக்கிவிடுங்கள். பெயர், கைபேசி எண், முகவரி, பின்கோடு ஆகிய நான்கு போதும். அடையாளக் குறிப்புக்கு ஒரு பெட்டி விருப்பத்துக்கு வைக்கலாம். மின்னஞ்சல் எதற்கு? கைபேசி எண்ணும் பின்கோடும் எழுதும் இடத்தில் எண் விசைப்பலகை தானாக வர வேண்டும். ஒரு பெட்டியில் பிழை இருந்தால் அந்தப் பெட்டிக்குக் கீழேயே என்ன பிழை என்று சொல்ல வேண்டும். எழுதிய மற்றவை அழிந்துவிடக் கூடாது. எழுத்தின் அளவு அந்தப் பெட்டிகளில் 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் திரை தானாகப் பெரிதாகி ஓரத்துக்கு நகர்ந்துவிடும் என்பது சிறிய செய்திதான், ஆனால் படிவத்தைப் பாதியில் விடுவதற்கு அதுவே போதுமானது.

கடைசியாக, கியூஆர் குறியீடு. கைபேசியில் உங்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அதே கைபேசியின் திரையில் உள்ள குறியீட்டை எந்தக் கேமராவால் படிப்பார்? படம்பிடித்து வைத்து, யூபிஐ செயலியைத் திறந்து, அந்தப் படத்தைத் தேடியெடுத்துக் கொடுக்கும் பொறுமை எல்லோருக்கும் இராது. கைபேசியில் வந்தவருக்கு யூபிஐ செயலியை நேரடியாகத் திறக்கும் பொத்தானும், கணினியில் வந்தவருக்கு மட்டும் கியூஆர் குறியீடும் காட்ட வேண்டும். பணம் செலுத்தும் சேவை தரும் பெரும்பாலான நிறுவனங்களிடம் இந்த ஏற்பாடு இருக்கிறது. பணம் போய்விட்டது, ஆனால் பக்கம் திரும்பவில்லை என்ற நிலை எப்போதாவது வரும். அப்போது "உங்கள் ஆர்டர் எண் இது, பணம் வந்ததைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், மீண்டும் செலுத்த வேண்டாம்" என்று காட்டும் ஒரு பக்கத்தை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

---

பதில் 2 – பாலக்கோடு_கணக்காளர்

மேலே நண்பர் சொன்னவற்றோடு சட்டம் கேட்பவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இவற்றில் பல, வாடிக்கையாளரின் "விற்பவர் யார்" என்ற கேள்விக்கும் விடையாக அமைந்துவிடுகின்றன.

சொந்தத் தளத்தில் சொந்தச் சரக்கை விற்கிறவருக்கும் 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் பொருந்தும். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், மின்னஞ்சல், குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும். குடும்பத் தொழிலில் அந்த அலுவலர் நீங்களாகவே இருக்கலாம். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, அதன் பகுப்பையும் காட்ட வேண்டும். முன்கூட்டியே குறியிட்டு வைத்த ஒப்புதல் பெட்டிகள் கூடாது.

ஊறுகாய், புளி, ராகி மாவு போன்ற பொட்டலப் பொருள்களுக்கு நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவரின் பெயரும் முகவரியும் உள்ளிட்ட குறிப்புகள் உறையில் இருப்பதோடு தளத்திலும் இருக்க வேண்டும். இது சட்டமுறை எடையளவு விதிகளின்படி 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. தயாரித்த மாதமும் ஆண்டும் மட்டும் தளத்தில் கட்டாயமில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண்ணைத் தளத்தின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் ஒளித்து வைக்காமல், பொருளின் பக்கத்திலேயே காட்டுங்கள்.

புதுப்பழத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. ஆனால் வரி உள்ள பொருள் ஒன்றைக் கர்நாடகத்துக்கு அனுப்பினாலே, விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயமாகிவிடும். பெங்களூரு நமக்கு மிக அருகில் இருந்தாலும் அது வேறு மாநிலம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனவே பழத்தோடு ஊறுகாய்ப் பாட்டிலைச் சேர்த்து ஒரே பெட்டியாக விற்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பக்கத்தை வடிவமைக்கும் முன்பே உங்கள் கணக்காளரைக் கேட்டுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "இன்னும் 2 பெட்டிகளே உள்ளன", "10 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று பொய்யாக அவசரப்படுத்தும் வாசகங்களைச் சேர்க்கச் சொல்லி யாராவது உங்களுக்கு அறிவுரை தரலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பொய்யான அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் நுழைத்தல், கட்டணத்தைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்துதல் உள்ளிட்ட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பெயர் சொல்லித் தடைசெய்திருக்கின்றன. உங்கள் அனுப்பும் கட்டணம் கடைசியில் வருவது ஏமாற்றும் நோக்கத்தால் அன்று என்றாலும், பார்க்கிறவருக்கு அது அந்தக் கடைசி வகையைச் சேர்ந்ததாகவே தோன்றும். சரக்கு உண்மையாகவே குறைவாக இருந்தால், உள்ள எண்ணிக்கையைச் சொல்வதில் தவறில்லை.

---

பதில் 3 – அரூர்_சிறுதானியம்

தம்பி, உங்கள் தந்தையார் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். நாங்கள் சாமை, தினை, ராகி ஆகியவற்றை அரூரிலிருந்து பல ஊர்களுக்கு அனுப்புகிறோம். எங்களிடம் மாதந்தோறும் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில்தான் கேட்கிறார்கள். "சென்ற முறை அனுப்பியதையே அனுப்புங்கள்" என்று ஒரு வரி வரும், வேலை முடிந்துவிடும். அவர்களைத் தளத்துக்குப் போய்ப் பெட்டியைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தை நிரப்பச் சொல்வது அவர்களுக்குத் தொல்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே பொருள்பட்டியல் வைக்கும் வசதி இருக்கிறது. எனவே உங்கள் தளத்தின் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று வையுங்கள். அதைத் தொட்டால் "செந்தூரா 5 கிலோ பெட்டி வேண்டும், என் பின்கோடு" என்பது வரை செய்தி தானாக எழுதப்பட்டு வர வேண்டும். வெறும் வணக்கத்தோடு வரும் செய்திக்குத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டே பொழுது போய்விடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எங்களைத் தெரியாதவர் முதல் முறை வாங்குவதற்குத் தளம்தான் காரணமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எண் மட்டும் இருந்தால் நம்பிப் பணம் அனுப்ப யோசிக்கிறார்கள். முகவரியும் பதிவு எண்ணும் விலைப்பட்டியலும் உள்ள ஒரு தளத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வாட்ஸ்அப்புக்கு வருகிறார்கள். அதனால் தளத்தில் முடிகிற ஆர்டர்களை மட்டும் எண்ணி, தளம் பயனில்லை என்று முடிவு கட்டுவது சரியான கணக்கு ஆகாது. அழைப்பவர்களிடமெல்லாம் எங்கே பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விற்பவர் பார்க்கும் பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆர்டர்கள் வந்து விழும் பக்கம் கணினியில் மட்டும் ஒழுங்காகத் தெரிந்தால், தோப்பில் பெட்டி கட்டுகிறவர்களுக்கு அதனால் என்ன பயன்? இன்று எந்த ஊருக்கு எந்த இரகம் எத்தனை பெட்டி என்ற பட்டியல் கைபேசியில் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும்; முகவரிச் சீட்டு அங்கேயே அச்சாக வேண்டும். இதில் குழப்பம் வந்தால் மல்கோவா கேட்டவருக்குச் செந்தூரா போகும். முகப்புப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

---

பதில் 4 – தருமபுரி_வாசகி

நான் வடிவமைப்பாளர் அல்லள், வாங்குகிறவள். வெயிலில் நின்று கைபேசியைப் பார்க்கும்போது வெளிர் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என் கண்ணுக்குத் தெரிவதில்லை. இயற்கை வேளாண் பொருள் விற்கும் தளங்கள் பெரும்பாலும் இந்த நிறத்தையே விரும்புகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட அணுகல் நெறி. இலவசக் கருவிகளில் இரண்டு நிறங்களைக் கொடுத்தால் உடனே கணக்கிட்டுச் சொல்லிவிடும். எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள குறிகளை மிளகு அளவில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குப் பதில் மூன்று பெட்டி ஆகிவிடுகிறது.

---

காவேரிப்பட்டினம்_தோப்பு

நேரம் எடுத்து எழுதிய அனைவருக்கும் நன்றி. பின்கோடு அட்டவணையைக் கூரியர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அரூர் ஐயா சொன்ன பெட்டி கட்டும் பட்டியலைக் கேட்டதும் என் தந்தையாருக்குத் தளத்தின் மேல் சற்று ஆர்வம் வந்திருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. தளம் இப்போது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. பெங்களூரு வாடிக்கையாளருக்கு ஆங்கிலம் போதும், ஆனால் சேலம், ஈரோடு பக்கத்திலிருந்தும் அழைப்புகள் வருகின்றன. தமிழையும் சேர்த்தால் பக்கம் குழம்பிவிடுமா? இரண்டாவது, மாம்பழம் கோடையில் சில மாதங்கள்தான். பருவம் முடிந்ததும் அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டுப் புளியையும் ராகியையும் மட்டும் காட்டலாமா?

---

பதில் 5 – ஓசூர்_வலைவடிவமைப்பு

தமிழைக் கட்டாயம் சேருங்கள், ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு மொழிகளையும் அடுத்தடுத்து அடுக்காதீர்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியுள்ள பக்கம் வேண்டும். மேலே "தமிழ்" என்று எழுதிய பொத்தானைத் தொட்டால், முகப்புக்குத் தூக்கிப் போடாமல், பார்த்துக்கொண்டிருந்த அதே பழத்தின் தமிழ்ப் பக்கத்துக்கே செல்ல வேண்டும். மொழியைக் குறிக்கக் கொடி, வரைபடம் போன்ற படங்கள் வேண்டாம், எழுத்தே போதும்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் படிக்காமல் அப்படியே ஏற்றுவதைவிட, தமிழே இல்லாமல் இருப்பது மேல். உங்கள் வீட்டில் வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசுகிறவர் எப்படி விளக்குகிறாரோ அதையே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தை எல்லாக் கருவிகளிலும் ஒரேபோல் தெரியும் ஒருங்குறியில்தான் (யூனிகோட்) இட வேண்டும். அச்சகத்தில் துண்டறிக்கைக்குத் தட்டச்சு செய்த பழைய எழுத்துருக் கோப்பை அப்படியே ஒட்டினால் கைபேசியில் புரியாத குறிகளாகத் தெரியும், கூகுள் தேடலிலும் வராது. அதைத் தவிர்ப்பதற்காகத் தமிழ் வாசகங்களைப் படமாக மாற்றி ஏற்றுகிறவர்களும் உண்டு. அதுவும் தேடலுக்குப் புலப்படாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பானுக்கும் புலப்படாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துரு ஒன்று போதும். தமிழில் மேலும் கீழும் குறிகள் வருவதால் வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி தேவை. நம் சொற்கள் நீளமானவை என்பதால், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் எழுத்து பாதியில் வெட்டுப்படும். எனவே பொத்தானின் அகலத்தை நிலையாக வைக்காமல் எழுத்துக்கேற்ப விரியும்படி செய்யச் சொல்லுங்கள். 360 பிக்சல் அகலமுள்ள சிறிய திரையில் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஆர்டரை உறுதிசெய்யும் குறுஞ்செய்தியையும் தமிழில் அனுப்பலாம், ஆனால் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும் ஒரு செய்தியில் தமிழில் 70 குறியீடுகளே அடங்கும், அதிலும் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனியே எண்ணப்படும். நீளமாக எழுதினால் ஒன்று இரண்டாகி, செலவும் இரட்டிப்பாகும். வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்கள் இதற்கென நடத்தும் டிஎல்டி (DLT) என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். அதைப் பருவம் தொடங்கிய பிறகு செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வாட்ஸ்அப் பற்றி அரூர் ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஒரு வரம்போடு. சாமை வாங்குகிறவர் மாதந்தோறும் வருகிறார். அவரோடு பேசிப் பழகிவிடலாம். மாம்பழத்தில் ஒரே வாரத்தில் எல்லோரும் கேட்பார்கள், அவர்களில் பலர் புதியவர்கள். முகவரி ஒரு குரல்பதிவிலும், பணம் செலுத்திய படம் வேறோர் எண்ணிலிருந்தும் வரும்போது கணக்கு வைப்பது கடினம். ஆகவே ஐயங்களுக்கு வாட்ஸ்அப், ஆர்டருக்குத் தளம் என்று வைத்துக்கொண்டு, பேச்சில் முடிவான ஆர்டரையும் நீங்களே தளத்தில் பதிவு செய்துவிட்டால், பெட்டி கட்டுகிறவருக்கு ஒரே பட்டியல் கிடைக்கும்.

மாற்றங்களைச் செய்த பிறகு, இந்தத் தளத்தைப் பார்த்திராத ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்து, "உங்கள் அக்கா வீட்டுக்கு ஒரு பெட்டி பழம் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அந்த எண்ணைப் பற்றி விவாதம் உண்டு என்றாலும், ஒருவரையும் கேட்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். அவர்கள் தடுமாறும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் இதில் கடினமான பகுதி. எங்கே விரல் நிற்கிறது, எதைத் தேடி மேலும் கீழும் போகிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவராவது அறுபது வயதைத் தாண்டியவராக இருக்கட்டும், ஒருவராவது விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருப்பவராக இருக்கட்டும்.

பருவம் முடிந்ததும் பழப் பக்கங்களை நீக்காதீர்கள். அவற்றின் இணைய முகவரிகளைப் பலர் நண்பர்களுக்கு அனுப்பியிருப்பார்கள், கூகுளும் அவற்றை அறிந்திருக்கும். நீக்கினால் அடுத்த ஆண்டு தேடலில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வாங்கும் பொத்தானை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் "இந்த ஆண்டுப் பருவம் முடிந்தது, அடுத்த அறுவடை தொடங்கும்போது தெரிவிக்கவா?" என்று கேட்டுக் கைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே புளியையும் ராகியையும் காட்டலாம். செந்தூரா முன்பாகவும் நீலம் கடைசியாகவும் வருவது போல ஒவ்வோர் இரகத்துக்கும் காலம் வேறுபடுவதால், எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்ற சிறு அட்டவணை ஒன்று ஆண்டு முழுவதும் முகப்பில் இருக்கட்டும். பங்கனப்பள்ளி கேட்டு எண் கொடுத்தவருக்கு எல்லா இரகத்துக்கும் செய்தி அனுப்பாமல், அந்தப் பழம் வரும்போது மட்டும் அனுப்பும்படி பட்டியலை இரகவாரியாகப் பிரித்து வையுங்கள்.